சிறிதாக்கலாம், குறைக்கக் கூடாது!
பயண டியூபா நமக்குத் தரும் தொழில் பாடம்



பொரி மூட்டை ஏற்றிய லாரி எடையால் நிறைவதில்லை, இடத்தால் நிறைகிறது. எடைக்குக் கூலி பேசினால் லாரிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். கிடங்கு வாடகையும் அப்படித்தான். இடத்தை அடைக்கும் சரக்கின் தொல்லை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. இதே தொல்லைக்கு வாத்தியத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அந்த வழியையும், அதில் நமக்குள்ள பாடத்தையும் இந்த இதழில் பார்ப்போம்.

டியூபா என்பது என்ன?

பேண்டு வாத்தியக் குழுவில் மடிமேல் வைத்து ஊதும் மிகப் பெரிய பித்தளைக் குழல்தான் டியூபா. எல்லா வாத்தியங்களுக்கும் அடியில் நின்று தாங்கும் கனத்த ஓசை அதனுடையது. 1835-ல் பிரஷ்யா நாட்டில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட், யோஹான் மோரிட்ஸ் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பெரிய டியூபா ஒன்று சுமார் 10 கிலோ எடை இருக்கும். பெட்டியோடு சேர்த்தால் ஓர் ஆள் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவது பெரும்பாடு.

ஆனால் ஊதுபவருக்குத் தினமும் பயிற்சி வேண்டும். உதடும் மூச்சும் பழக்கத்தில் நிற்பவை. வெளியூர் போய்ச் சில நாள் ஊதாமல் இருந்தால் உதடு தளரும். இவர்களுக்காகவே 'பயண டியூபா' என்ற சிறிய வகை விற்பனைக்கு வந்தது. இந்த எண்ணம் புதிதல்ல. 'டோர்னிஸ்டர்' என்ற பெயரிலேயே ஒரு சிறிய டியூபா உண்டு. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிப்பாயின் முதுகுப் பை என்று பொருள்.

எதைக் குறைக்க முடியாது?

நாதஸ்வரத்தில் திமிரி நாயனம் குட்டை, அதன் சுருதி உச்சம். பாரி நாயனம் நீளம், அதன் சுருதி தாழ்வு. டியூபாவிலும் கணக்கு இதுதான். டிரம்பெட்டின் குழல் நீளம் சுமார் நாலரை அடி. பெரிய டியூபாவின் குழல் சுமார் 18 அடி, அதாவது நான்கு மடங்கு. அதனால் ஓசை இரண்டு ஸ்தாயி கீழே நிற்கிறது. குழலைப் பாதியாக வெட்டினால் ஓசை ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். பிறகு அது அந்த டியூபா அல்ல.

ஆகவே அதே சுருதியில் செய்த பயண டியூபாவிலும் அந்த 18 அடி அப்படியே இருக்கிறது. குழலை இன்னும் நெருக்கமாகச் சுருட்டியிருக்கிறார்கள், குழலின் குறுக்களவைச் சிறிதாக்கியிருக்கிறார்கள், வாய் விரிந்த பகுதியை ஒடுக்கியிருக்கிறார்கள். உதட்டில் வைக்கும் ஊதுவாயை மட்டும் பெரிய வாத்தியத்தினுடையதையே பொருத்திக்கொள்ளும்படி செய்கிறார்கள். உதடு பழகுவது அதில்தான் என்பது காரணம்.

கூலிக் கணக்கு

விமானச் சரக்கில், பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பது வழக்கம். வரும் எண்ணும் உண்மை எடையும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதற்குக் கூலி. உதாரணமாக 110, 60, 50 செ.மீ. உள்ள பெட்டிக்குக் கணக்கு 55 கிலோ. உள்ளே 20 கிலோதான் இருந்தாலும் கூலி 55 கிலோவுக்கே. பெட்டி ஒவ்வொரு பக்கமும் பாதியானால் கணக்கு எட்டில் ஒரு பங்காகி, ஏழு கிலோவுக்குள் வந்துவிடும். அப்போது கூலியைத் தீர்மானிப்பது உண்மை எடைதான். சுருட்டி வைப்பதன் லாபம் இதுவே. சரக்கு அனுப்பும் நம்மவர்களும் அட்டைப்பெட்டி வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விற்பவர் சொல்ல வேண்டியது

சிறிய டியூபாவுக்குக் குறை உண்டு. வாய் ஒடுங்கியதால் அடி ஓசை பெரியதைப் போல் மண்டபத்தை நிறைக்காது. சில ஸ்வரங்கள் சுருதியில் சற்று விலகும், ஊதுபவர் உதட்டால் சரிசெய்துகொள்ள வேண்டும். பயிற்சிக்கு இது போதும். கச்சேரிக்குப் பெரியதற்கு ஈடாகாது. இதை முதலிலேயே சொல்லி விற்பவரிடம் வாங்கியவர் மனநிறைவோடு போவார். "பெரியதற்குச் சமம்" என்று விற்றால் வாங்கியவர் முதல் கச்சேரியிலேயே உண்மையை அறிந்துகொள்வார்.

நம் கடைக்கு வரும்போது

சிறுத்தல் மூன்று வகை என்று நாம் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை: சரக்கும் சிறிது, விலையும் சிறிது. கடலூர் சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக நின்று பரப்பிய ஷாம்பூ பாக்கெட் இவ்வகை. தினக்கூலிக்காரரும் வாங்க முடிந்தது. இதில் ஒளிவு இல்லை.

இரண்டாம் வகை: சரக்கு குறையாது, அடைக்கும் இடம் மட்டும் குறையும். புளியை அழுத்திக் கட்டுவது இவ்வகை. டியூபாவின் குழல் நீளமும் இதில் சேரும்.

மூன்றாம் வகை: பாக்கெட் அதே, விலை அதே, உள்ளே சரக்கு குறைவு. நிகர எடையை அச்சிட்டிருப்பதால் சட்டப்படி சரியாக இருக்கலாம். 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும் கேட்பது அதைத்தான். ஆனால் வாடிக்கையாளர் சிறிய எழுத்தைப் படிப்பதில்லை. வீட்டில் போய் டப்பாவில் கொட்டும்போதுதான் தெரிகிறது. கம்பெனிக்காரரை அவர் பார்த்ததே இல்லை. அவர் வந்து கேட்பது நம் கல்லாவில்தான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. புதிய சரக்கு இறங்கும்போதே நிகர எடையைப் பழைய பாக்கெட்டோடு ஒப்பிடுங்கள்.
2. பழையதையும் புதியதையும் ஒரே அடுக்கில் கலந்து வைக்காதீர்கள்.
3. எடை குறைந்திருந்தால் கேட்கும் முன்பே சொல்லுங்கள். கிலோ வீதம் என்ன விலை ஆகிறது என்பதையும் சொல்லுங்கள்.
4. மொத்த வியாபாரிகளாகிய நாம், எடை மாறிய சரக்கைப் பில்லிலேயே குறித்துச் சில்லறைக் கடைக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அவர் தெரியாமல் விற்றுப் பழி சுமக்கக் கூடாது.

அந்த 18 அடி நம் தொழிலில் நிகர எடைதான். பெட்டியைச் சுருக்கலாம், கட்டை இறுக்கலாம். எடையில் மட்டும் கை வைக்கக் கூடாது. வேறு யாராவது கை வைத்திருந்தால், அதை வாடிக்கையாளருக்கு முதலில் சொல்பவர் நாமாகவே இருக்க வேண்டும்.