வாசிப்பும் பயனும்

எழுத்துக்கூட்டி ஒலித்தல் வேறு. நூலை வாசித்தல் வேறு. பிள்ளையொன்று பாடபுத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடையின்றி உரத்து வாசித்தவுடனே, அது வாசிக்கக் கற்றுவிட்டதெனப் பெற்றோர் மகிழ்கின்றனர். புத்தகத்தை மூடி, “நீ வாசித்தது யாது?” என வினவுமிடத்து அப்பிள்ளை வாளாவிருக்குமாயின், அது கற்றது ஒலியேயன்றிப் பொருளன்று. ஒலியினின்று பொருளுக்குப் பிள்ளையைச் செலுத்தும் வழி யாதென ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது எழுத்து. தமிழ் நெடுங்கணக்கிலே உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக எழுத்துக்கள் 247. இவற்றைத் தனித்தனி வடிவங்களாக நெட்டுருப்பண்ணும் பிள்ளை பெரிதும் இடர்ப்படும். மெய்யோடு உயிர் சேரும் முறையைக் கண்டுகொண்ட பிள்ளை எளிதிலே முன்செல்லும். ஆயினும் ‘கொ’ என்பதிலே, பின்னர் ஒலிக்கவேண்டிய உயிரின் குறியாகிய கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கின்றது. ககரம் ஒன்றே ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் மூன்றிடத்தும் வேறுவேறாக ஒலிக்கின்றது. ஆதலால் எழுத்தைச் சொல்லில் வைத்தே காட்டல் வேண்டும்.

இரண்டாவது சொல். ஏட்டுச்சுவடிகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியும், சொற்களுக்கிடையே வெளியும் பெரும்பாலும் இல்லை. ‘பலகை’ என்பது ஒரு சொல்லோ, ‘பல கை’ என இரு சொல்லோ என்பதைப் பொருளறிந்தவனே துணிவான். அதனால் அக்காலத்து மாணாக்கர் ஆசிரியர் வாய்கேட்டே கற்றனர். 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலர், எளியவற்றிற் றொடங்கிப் படிப்படியாக உயரும் பாலபாடங்களை அச்சிடுவித்து இவ்விடரைப் பெரிதுங் குறைத்தார்.

மூன்றாவது இடர் இன்றும் நீங்கிற்றிலது. வீட்டிலே “நான் போறன்” எனப் பேசும் பிள்ளை, “நான் போகின்றேன்” என்பதைப் புத்தகத்திலேயே முதன்முதற் காண்கின்றது. செவி அறியாத சொல்லைக் கண் அறிதல் அரிது. இதற்கு மருந்து நம்மூர்க் கோயில்களிலேயே உண்டு. கந்தபுராண படனத்திலே ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். எழுத்தறியாதாரும் அதனைக் கேட்டுக்கேட்டே நூல்வழக்கிற் பழகினர். சிறுவயதிற் செய்யும் மனனமும் செவிக்கு அத்தகைய பழக்கத்தையே தருவது. பயன் சொல்லாது விடுத்தலே குற்றம்.

இம்முறையை வீட்டிலும் கைக்கொள்க. நாடோறும் கால்மணி நேரம் தாயேனும் தந்தையேனும் ஒரு சிறு கதையை வாசிக்க. பிள்ளை அதனைத் தன் வீட்டுப்பேச்சிலேயே சொல்லுக. அப்பேச்சை இகழாதொழிக, அதுவே அப்பிள்ளை சொல்லும் பயன். பின்னர் அப்பகுதியைப் பிள்ளையே வாசிக்க. இறுதியிலே “இது ஏன் நிகழ்ந்தது?” என ஒரு வினாவேனும் வினவுக. வாசிக்க அறியாத பெற்றோர் தாமறிந்த கதையைச் சொல்லினும் நன்றேயாம்.

ஒலியளவில் நின்றுவிட்ட பிள்ளைக்கு மேல்வகுப்புக்களிலே சரித்திரமும் விளங்காது. கூட்டலும் கழித்தலும் அறிந்தும், வினாவின் பொருள் விளங்காமையாற் கணக்கிலும் பிழைவிடும். உலகத்தார் அதனை மந்தபுத்தியென்பர். குறை புத்தியிலன்று, பயன் சொல்லுவாரின்மையேயாம். பெற்றோரும் உபாத்தியாயரும் இதனைச் சிந்திப்பாராக.