வெயிலில் நின்றால் ஸ்டார்ட் ஆக மறுக்கும் கார்: ரிலே பெட்டிக்கு வீட்டிலேயே வைத்தியம்

மதர்போர்டில் உப்பிப்போன கெபாசிட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது வைத்துப் பழகியவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு காரில் உள்ள எலெக்ட்ரானிக் மாட்யூல்களும் அந்நியமானவை அல்ல. அதே பச்சை போர்டு, அதே சால்டர், அதே கெபாசிட்டர்தான். 1990-களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் கார்களின் இசியூவில் கெபாசிட்டர் கசிந்து போர்டின் செம்புத் தடங்களை அரித்தது மெக்கானிக்குகளிடையே பிரபலமான கதை. ஆனால் முதல் பாடத்துக்கு இசியூ வேண்டாம். அதைவிட எளிய ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்ட் கார்களில் மெயின் ரிலே என்று ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி உண்டு. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். இடம் மாடலுக்கு மாடல் மாறும். உள்ளே இரண்டு ரிலேக்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் முதல் ரிலே இசியூவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் தருகிறது. இசியூ விழித்துக்கொண்டு இரண்டாவது ரிலேயை இயக்க, பெட்ரோல் பம்ப் சுமார் 2 வினாடி ஓடி நிற்கிறது. பிறகு இன்ஜின் சுற்றத் தொடங்கினால்தான் பம்புக்கு மீண்டும் மின்சாரம்.

பழுது வரும் விதம் வேடிக்கையானது. காலையில் கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். உச்சி வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தினால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கதவைத் திறந்துவைத்து உள்ளே சூடு ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே பழுது தெரியாது. காரணம், ரிலேயின் கனமான பின்களைச் சுற்றியுள்ள சால்டரில் விழுந்த மயிரிழை விரிசல். பின் வழியே ஓடும் மின்சாரத்தால் சூடு, பிறகு குளிர்ச்சி, கூடவே சாலையின் அதிர்வு. பின், போர்டு, சால்டர் மூன்றும் ஒரே அளவில் விரிவடைவதில்லை. பல வருடங்களில் சால்டர் சோர்ந்து வெடிக்கிறது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடும்போது அந்த இணைப்பு விட்டால் நடுரோட்டில் இன்ஜின் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்கான உதவியும் ஓரிரு அழுத்தங்களோடு தீர்ந்துவிடும்.

ஸ்குரூ டிரைவரை எடுக்குமுன் பழுது அங்கேதானா என்று உறுதி செய்யுங்கள். கார் அடம்பிடிக்கும் நேரத்தில் சாவியை ஆன் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். செக் இன்ஜின் விளக்கே எரியவில்லை என்றால் முதல் ரிலேமீது சந்தேகம். விளக்கு எரிந்து அணைகிறது, பின்னாலிருந்து பம்பின் ரீங்காரம் வரவில்லை என்றால் இரண்டாவது ரிலே, அல்லது பம்பேகூட இருக்கலாம். பம்ப் சத்தம் கேட்டும் ஸ்டார்ட் ஆகவில்லையா? இக்னிஷன் பக்கம் பாருங்கள். சூட்டில் மக்கர் செய்யும் பாகங்கள் அங்கேயும் உண்டு. குளிர்ந்த நேரத்தில் ரிலே பெட்டியை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. பிளாஸ்டிக் உருகும் அளவுக்குப் போக வேண்டாம்.

இனி வேலை. ரேடியோவுக்குத் திருட்டுத் தடுப்பு கோடு இருந்தால் முதலில் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அது கோடு கேட்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பெட்டியை எடுத்து, மூடியின் கொக்கிகளை மெதுவாக நெம்பித் திறக்கவும். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அதுதான் விரிசல். தெரியாவிட்டாலும் பெரிய பின்கள் எல்லாவற்றையும் புதுப்பித்துவிடுங்கள்.

பழைய சால்டரின் மேலேயே புதியதை அப்பிவிடுவது பலர் செய்யும் தவறு. உலர்ந்து ஆக்ஸைடு படிந்த சால்டர் ஒட்டாது. ஃப்ளக்ஸ் தடவி, டிசால்டர் விக்கால் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோசின் உள்ள 60/40 சால்டரை வையுங்கள். 60 வாட் அயர்ன் நல்லது. கனமான பின் சூட்டை இழுத்துக்கொள்வதால், 25 வாட் அயர்னை வெகுநேரம் அழுத்திப் பிடிக்க நேர்ந்து தடம் பெயர்ந்துவிடும். பின்னையும் தடத்தையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டில் சால்டர் தானாக உருகி ஓட வேண்டும். பந்துபோல் திரண்டு நின்றால் சரியாகப் பிடிக்கவில்லை. சரிவாக, பளபளப்பாக இருக்க வேண்டும். ரோசின் புகை வரும் என்பதால் ஜன்னலைத் திறந்துவையுங்கள், சால்டரில் ஈயம் இருப்பதால் முடித்ததும் கை கழுவுங்கள்.

புதிய ரிலே எளிதாகக் கிடைக்கிறது என்றால் அதை வாங்கிப் போடுவதிலும் தவறில்லை. இசியூ அப்படியல்ல. பல கார்களில் அது சாவியின் இம்மொபிலைசரோடு கோடு வைத்துப் பிணைக்கப்பட்டிருக்கும். வேறு காரின் இசியூவை மாட்டினால் வண்டி நகராது. அங்கேதான் உங்கள் சொந்த போர்டையே பழுதுபார்க்கத் தெரிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஏர்பேக் மாட்யூலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதன் வயரிங் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஏபிஎஸ் போர்டையும் பழக்கம் வரும்வரை ஒதுக்கிவையுங்கள்.

எல்லாம் மாட்டியபின் சாவியைத் திருப்பினால் 2 வினாடி பம்ப் ஓடி நிற்கும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு அதே ஹேர் டிரையர் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதிலும் தேறினால், அடுத்த உச்சி வெயிலில் காரை வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு வெளியூர்ப் பயணம் கிளம்பலாம்.