நீர்க்கரை வீட்டுக்கு ஒரு காவல் கண்

வில்லை, எதிரொளிப்பு, எதிர்த்தகவு இருமடி விதி ஆகிய மூன்றையும் ஒளியியல் பாடத்தில் தனித்தனியே படித்திருப்பீர்கள். இம்மூன்றும் ஒரே வேலையில் கூடி வருவதைக் காண வேண்டுமா? நீர்க்கரையில் உள்ள ஒரு வீட்டுக்குக் கண்காணிப்புக் காமிரா அமைக்கத் திட்டமிட்டுப் பாருங்கள்.

கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் உள்ளது குமரகம். அங்கே காயலை நோக்கிய ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுச் சுவரிலிருந்து மேற்கே 25 மீட்டர் தொலைவில் படகுத்துறை இருக்கிறது. இரவில் படகில் வந்து இறங்குபவர் யார் என்று தெரிய வேண்டும். காமிராவை எங்கே வைப்பது? “சுவரில் உயரத்தில் வைத்தால் காயல் முழுவதும் தெரியுமே” என்று தோன்றும். அது சரிதானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

அகலமா, தெளிவா?

காமிராவின் உள்ளே, வில்லைக்குப் பின்னால், பிம்பம் விழும் ஒரு சிறு தகடு உண்டு. அதன் அகலம் 4.8 மி.மீ. என்றும், அகலவாக்கில் 2560 படப்புள்ளிகள் உள்ளன என்றும் கொள்வோம். வடிவொத்த முக்கோணங்களின்படி,

காட்சியின் அகலம் ÷ தொலைவு = தகட்டின் அகலம் ÷ குவியத் தூரம்

குவியத் தூரம் 4 மி.மீ. ஆனால், 25 மீட்டர் தொலைவில் காட்சியின் அகலம் 30 மீட்டர். 2560 புள்ளிகளும் இந்த 30 மீட்டரில் பரவுவதால், மீட்டருக்குக் கிடைப்பவை 85 புள்ளிகளே. ஏறத்தாழ 16 செ.மீ. அகலமுள்ள மனித முகத்துக்கு 14 புள்ளிகள்கூடத் தேறா!

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2014-இல் வெளியிட்ட தரநூல் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. ஆள் இருப்பதை அறிய மீட்டருக்கு 25 புள்ளிகள் போதும். தெரிந்தவரைத் தெரிந்துகொள்ள 125 வேண்டும். முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண 250 வேண்டும். ஆகவே நம் சுவர்க் காமிரா “யாரோ வந்தார்” என்று சொல்லும். “இன்னார் வந்தார்” என்று சொல்லாது.

12 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் காட்சியின் அகலம் 10 மீட்டராகச் சுருங்கும். மீட்டருக்கு 256 புள்ளிகள் கிடைக்கும். சிக்கல் தீர்ந்ததா? இல்லை. இப்போது சூரியன் குறுக்கிடுகிறது.

நீரின் கூச்சம்

நீர்ப்பரப்பில் செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காடே எதிரொளிக்கும். படுகோணம் கூடக்கூட இது பெருகும். 3 மீட்டர் உயரத்திலிருந்து 25 மீட்டர் தொலைவிலுள்ள நீரைப் பார்க்கும் காமிராவுக்குக் கோணம் ஏறத்தாழ 83 பாகை. இக்கோணத்தில் விழும் ஒளியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எதிரொளித்துவிடும். மாலையில், சூரியன் மறையச் சுமார் அரை மணி நேரம் இருக்கையில், காயலின் தகதகப்பு நேரே காமிராவினுள் பாயும். துறையில் நிற்பவர் கரிய நிழலுருவாகத் தெரிவார்.

“தளவிளைவுத் தகடு பொருத்தலாமே” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் எதிரொளித்த கதிர் முழுமையாகத் தளவிளைவு அடைவது புரூஸ்டர் கோணத்தில் மட்டுமே. நீருக்கு அது 53 பாகை. 83 பாகையில் தளவிளைவு மிகக் குறைவு. அங்கே அத்தகடு கூச்சத்தை அதிகம் தடுக்காது. காட்சியின் பொதுவான ஒளியை மட்டும் பாதியாகக் குறைத்துவிடும். இரவில் இது பெரிய இழப்பு அன்றோ?

இருளில் தொலைவின் விலை

இரவில் இத்தகைய காமிராக்கள் தம்மிடமுள்ள அகச்சிவப்பு விளக்கால் காட்சியை ஒளியூட்டுகின்றன. சிறிய விளக்கு என்பதால் எதிர்த்தகவு இருமடி விதி இங்கே பொருந்தும். 25 மீட்டரில் விழும் ஒளிச்செறிவைவிட 8 மீட்டரில் விழுவது ஏறத்தாழ 10 மடங்கு.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். துறையின் கரைமுனைக்குத் தெற்கே 8 மீட்டர் தள்ளி ஒரு கம்பம் நட்டு, காமிராவை வடக்கு நோக்கித் திருப்புவோம். 4 மி.மீ. வில்லையே போதும்: காட்சி அகலம் 9.6 மீட்டர், மீட்டருக்கு 266 புள்ளிகள். மாலைச் சூரியன் எதிரே இராமல் பக்கவாட்டில் நிற்கும். இரவில் ஒளியும் பத்து மடங்கு கிடைக்கும். விலை உயர்ந்த வில்லை செய்ய முடியாததைச் சரியான இடம் செய்துவிட்டது!

காற்றும் கணக்கும்

காயல் கடலோடு தொடர்புடையது. ஆதலால் ஈரத்தோடு உப்பையும் எதிர்பார்க்க வேண்டும். “ஐ.பி. 66” என்ற குறியீடு தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே புகா என்பதைக் குறிக்கும்; உப்பு அரிப்பைத் தாங்கும் என்று அது சொல்லவில்லை. எனவே திருகாணிகள் மாலிப்டினம் கலந்த 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருத்தல் நலம்.

காமிரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால், அது அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள், ஆக 43.2 ஜிகாபைட். 15 நாள் பதிவுக்கு 648 ஜிகாபைட் இடம் தேவை.

எதைப் பார்க்கக் கூடாது?

வடக்கே அடுத்த வீட்டார் குளிக்கும் துறை இருக்கலாம். திருடனைத் தேடும் கண் அவர்களையும் பதிவு செய்தல் முறையன்று. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவில் கொள்க. காமிராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, எஞ்சிய பகுதியைப் படத்தில் மறைத்துவிடும் வசதியையும் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று: காமிரா பார்க்கும், நீரில் இறங்கிக் காப்பாற்றாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் துறைக்கு வேலியும் கதவும் போட்ட பிறகே காமிராவைப் பற்றி எண்ண வேண்டும்.

செய்து பாருங்கள்: இதே காமிராவில் 6 மி.மீ. வில்லையைப் பொருத்தினால், மீட்டருக்கு 250 புள்ளிகள் கிடைக்கும் மிக அதிகத் தொலைவு எவ்வளவு?

(விடை: 12.8 மீட்டர்)