வால்வுப் பெட்டியைக் கையில் வாங்கும் தம்பிக்கு



ஹைட்ராலிக் ஆக்சில் வண்டியில் இதுவரை கட்டை போட்டுக்கொண்டும் மின்கம்பி தூக்கிக்கொண்டும் இருந்த உன்னிடம், இனி தளத்தை ஏற்றி இறக்கும் வால்வுப் பெட்டியைக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். திருவெறும்பூர் பி.எச்.இ.எல். ஆலையிலிருந்து ஒரு பாய்லர் டிரம் புறப்பட்டால், ஊரே முன்னால் இழுத்துக்கொண்டு போகும் புல்லரைத்தான் வேடிக்கை பார்க்கும். பக்கத்தில் நடந்து வருகிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த டிரம் நிமிர்ந்து நிற்பதும் சாய்வதும் அவன் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் வேலையை ஒரே வரியில் சொல்கிறேன்: தளத்தைத் தாங்கும் சிலிண்டரில் மேலேயும் கீழேயும் எப்போதும் இடம் மிச்சம் இருக்கவேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நம் ஊரில் ஓடும் மாடுலர் டிரெய்லர்கள் பலவற்றில் தளத்தின் நடு உயரம் ஏறக்குறைய 1190 மி.மீ. அதிலிருந்து மேலே 300, கீழே 300 என்று வைத்துக்கொள். உன் வண்டியின் சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். அதை மனப்பாடம் செய். இந்த 600 மி.மீ. முழுவதும் உனக்கு விளையாடக் கிடைத்தது என்று நினைத்துவிடாதே. அதில் பாதிக்குமேல் சாலைக்குச் சொந்தம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதன் சிலிண்டர் நீள்கிறது. மேட்டில் ஏறும்போது சுருங்குகிறது. ஒரே குரூப்பில் இருக்கும் சிலிண்டர்கள் குழாயால் இணைந்திருப்பதால் எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய், எல்லாவற்றிலும் அழுத்தம் ஒன்றாகவே நிற்கிறது. ஒரு வரிசைக்கு எட்டு டயர், 18 டன் என்று சட்டம் அனுமதிப்பது இந்தப் பகிர்வை நம்பித்தான். நீளவோ சுருங்கவோ இடமில்லாமல் போன நொடியில் பகிர்வு நின்றுவிடும். அந்த ஆக்சில் வெறும் இரும்புக் கட்டைதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், போட்டுப் பார். சுமையின் உயரம் 3.7 மீட்டர். நடு மட்டத்தில் வண்டியோடு சேர்த்து 4.89 மீட்டர். வழியில் மின்மயமான ரயில்வே கேட். அங்கே உயரத் தடுப்பு 4.67 மீட்டரில் நிற்கிறது. அடிவரைக்கும் இறக்கினால் 4.59 ஆகிவிடுமே, 80 மி.மீ. இடைவெளியில் போய்விடலாமே என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் கேட்டில் தண்டவாளம் பெரும்பாலும் சாலையைவிட மேடாக இருக்கும். முழுக்க இறக்கிய வண்டியின் முதல் வரிசை அந்த மேட்டில் ஏறும்போது, சுருங்குவதற்கு அதற்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கத்து வரிசைகளின் பாரமும் அதன் மேல் வந்து உட்காரும். நீள வண்டியாக இருந்தால் நடுத்தளம் தண்டவாளத்தில் உரசவும் செய்யும். பூமிக்கும் தடுப்புக்கும் நடுவில் உனக்குக் கிடைத்த இடம் உண்மையில் 80 மி.மீ. இல்லை, பூஜ்யம். இந்த மாதிரி இடத்தில் உயரத்தைக் குறைப்பது பதில் ஆகாது. ரயில்வேயிடம் முறையாக அனுமதி வாங்கி, மின்சாரத்தை நிறுத்திய நேரத்தில் கடக்கவேண்டும். இல்லையென்றால் வேறு வழி தேடவேண்டும். அதைச் சொல்லவேண்டியவன் நீதான், ஏனென்றால் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அங்கே உனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி சாய்வு. புறப்படும் முன்பே மூன்று முனைத் தாங்கலா, நான்கு முனைத் தாங்கலா என்று வால்வுகளைத் திறந்தும் மூடியும் குரூப் பிரித்துவிடுகிறார்கள். மூன்று முனையில் சாலை முறுக்கினாலும் சுமை முறுக்காது, எந்தக் குரூப்பில் எவ்வளவு பாரம் என்று தெளிவாகத் தெரியும். ஆனால் நிலைத்து நிற்கும் பரப்பு ஒரு முக்கோணம், ஒரு முனையில் ஒடுங்கிவிடும். நான்கு முனையில் அந்தப் பரப்பு அகலம். ஆனால் கரடுமுரடான தரையில் எதிரெதிர் மூலைகள் இரண்டு மட்டும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். எது என்பதை இன்ஜினியர் முடிவு செய்வார். எது என்று தெரியாமல் மட்டும் நீ ஒரு பிடியையும் தொடாதே.

சுமை, வண்டி இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 3.5 மீட்டரில் இருக்கிறது, அந்தப் பரப்பின் விளிம்பு பக்கவாட்டில் அரை மீட்டரில் இருக்கிறது என்று வை. கவிழும் கோணம் ஏறக்குறைய 8 டிகிரி. வண்டியை முழுக்க உயர்த்தினால் மையம் 3.8 மீட்டருக்குப் போகும். கோணம் ஏழரை டிகிரியாகக் குறையும். இது பெரிய நஷ்டமாகத் தெரியாது. ஆனால் சமவெளி நெடுஞ்சாலை வளைவில் 7 சதவீதம்வரை சாய்வு கொடுத்துக் கட்டுகிறார்கள். அது மட்டுமே 4 டிகிரி. கவிழும் கோணத்தில் பாதியை அந்த வளைவே தின்றுவிடும். அதைத் திருப்பி வாங்கித் தருவது உன் வேலை. இடது, வலது சிலிண்டர்களுக்கு நடுவே 1.8 மீட்டர் என்றால், 7 சதவீதத்துக்கு 126 மி.மீ. வித்தியாசம் வேண்டும். தாழ்ந்த பக்கம் 63 ஏற்று, உயர்ந்த பக்கம் 63 இறக்கு. ஒரு பக்கத்தை மட்டும் 126 ஏற்றினால் மையமும் கூடவே ஏறிவிடும். நேர்சாலையில் மழைநீர் வடியக் கொடுக்கும் இரண்டரை சதவீத வாட்டத்துக்கு 45 மி.மீ. போதும்.

வளைவுக்குள் போனபிறகு சரிசெய்யத் தொடங்காதே. சாய்வு தொடங்கும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. முடியும் இடத்தில் மறக்காமல் திருப்பி எடு. ரசமட்டத்தைத் தளத்தில் மட்டும் வைத்துப் பார்க்காமல் சுமையிலும் வைத்துப் பார். சுமை நேராக இருப்பதுதான் கணக்கு.

பாலத்தில் இது இன்னும் முக்கியம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 6 விதி, 385 டன் சிறப்பு வாகனம் ஒன்றைக் கணக்கில் எடுக்கிறது: 18 டன் வீதம் 20 ஆக்சில், கூடவே 25 டன் புல்லர். மணிக்கு 5 கிலோமீட்டருக்குள், பிரேக் போடாமல், பாலத்தின் நடுவிலிருந்து 300 மி.மீ.க்குமேல் விலகாமல் போகும் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. எனவே மட்டம், அழுத்தம் எல்லாவற்றையும் பாலத்துக்கு முன்பே பார்த்து முடி. பாலத்தின் மேல் நின்று வால்வைத் திருகுகிற நிலை வரக்கூடாது.

அழுத்தமானியை உன் தராசாக வைத்துக்கொள். வண்டி காலியாக இருக்கும்போது ஒவ்வொரு குரூப்பும் காட்டும் அளவைக் குறித்துவை. சுமை ஏற்றியதும் மறுபடி குறி. கூடியிருக்கும் அளவுதான் சுமையின் பங்கு. தயாரிப்பாளரின் அட்டவணை அதை டன்னாக மாற்றித் தரும். இடமும் வலமும் ஒத்துப்போகவில்லையென்றால் சுமை நடுவில் உட்காரவில்லை. அதை உயரத்தை மாற்றி மறைக்காதே. சுமையை நகர்த்தச் சொல். ஓட்டத்தின் நடுவில் ஒரு முள் தானாக இறங்கினால் ஹோஸ், சீல் எங்கேயோ விடுகிறது என்று அர்த்தம். வண்டியை நிறுத்து. கசிவைக் கையால் தடவித் தேடாதே; அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறிய காயம்போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது. கட்டை, ஸ்டூல் கொடுத்துத் தாங்காத தளத்துக்கு அடியில் தலையை விடாதே, யார் அவசரப்படுத்தினாலும் சரி.

இரவில் நிறுத்தும்போது நடு மட்டத்துக்குக் கொண்டுவந்து, தாங்கல் கொடுத்து, வால்வுகளை மூடு. பகல் சூட்டில் இருந்த எண்ணெய் விடிவதற்குள் ஆறிச் சுருங்கும். நேற்றைய மட்டம் காலையில் அப்படியே இருக்கும் என்று நம்பிப் புறப்படாதே.

கடைசியாக ஒன்று. பைலட் வண்டிக்காரர், போலீஸ், கம்பெனி ஆள், டிரைவர் எல்லாரும் ஆளுக்கொன்று கத்துவார்கள். நீ ஒருவர் சொல்லுக்கு மட்டும் வால்வைத் தொடுவாய் என்று புறப்படும் முன்பே பேசி முடித்துவிடு. ஆனால் நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்து, கடைசிக் கிளீனர் பையன் சொன்னாலும்கூட. சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் தயங்காமல் எண்ணில் பதில் சொல்ல முடிகிறதா என்று உன்னையே அடிக்கடி கேட்டுக்கொள். முடியவில்லையென்றால், அளந்து பார்க்கும்வரை வண்டி நகரவேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்