சேனைக்கு அக்கா

கேள்வி: பால்கனித் தொட்டியில் நட்ட சேனைக்கிழங்கு இலைக்குப் பதிலாக மொட்டு விட்டிருக்கிறது. உலகின் மிகப் பெரிய பூவும் சேனை வகைதானாமே?
- ஒரு வாசகி, ஆண்டாப் ஹில், மும்பை

பதில்: ஆமாம், ஒரே பேரினம். டைட்டன் ஆரம் என்கிற அந்தச் சுமத்ராச் சேனை ஆள் உயரத்தையும் தாண்டும். கறாராகச் சொன்னால் அது தனிப் பூ அல்ல, பூங்கொத்து. நிஜப் பூக்கள் மடலுக்குள் அடியில் ஒளிந்திருக்கும். லண்டன் கியூ தோட்டத்தில் 1889-இல் பூத்தது. நம் பக்கம், வயநாடு பெரியாவில் உள்ள குருகுலத் தாவரத் தோட்டத்தில் 9 ஆண்டுகள் காத்திருந்தார்கள், 2015-இல் மலர்ந்தது. இரண்டே நாளில் வாடிவிடும்! ஈ, வண்டுகளை இழுக்கப் பிண நாற்றம் வேறு. உங்கள் சேனையும் சளைத்ததல்ல. மொட்டு விரியும் முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.