வீட்டில் படம் பார்க்க டிஸ்க் பிளேயர்: வாடிக்கையாளருக்கு எதைச் சொல்லி விற்பது?



கைபேசியிலேயே படம் பார்க்கும் காலம் இது. ஆனாலும் திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடை நடத்தும் நம் உறுப்பினர்களிடம், "அண்ணாச்சி, விலை குறைச்சலா ஒரு டிவிடி பிளேயர் இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் ஒரு கல்யாண சிடியோ, காதணி விழா சிடியோ இருக்கும். அல்லது வீட்டுப் பெரியவருக்குக் கைபேசி பழக்கம் இருக்காது. அவர் வாங்கிச் சேர்த்த எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கும்.

இவர்கள் பலமுறை யோசித்துப் பணம் எடுப்பவர்கள். மானாவாரி விவசாயி என்றால் மல்லியும் மிளகாயும் பருத்தியும் விற்ற பணம். தறிக்காரர் என்றால் பல நாள் கூலி. இவர்களுக்குப் பொருந்தாத பெட்டியைத் தலையில் கட்டிவிட்டால் அடுத்த முறை மிக்சி வாங்கவும் நம் கடைக்கு வரமாட்டார்கள். ஆகவே இந்த இதழில் டிஸ்க் பிளேயரைப் பற்றி, விற்கிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைப் பாடமாகத் தருகிறோம்.

1. இந்தச் சரக்கு வந்த வழி

1980களிலும் 1990களிலும் நம் ஊர்களில் "டெக்" வாடகைக்கு எடுத்து, டிவியைத் தெருவில் வைத்து விடிய விடியப் படம் பார்த்ததை மூத்த வணிகர்கள் அறிவார்கள். 1993இல் விசிடி முறை வகுக்கப்பட்டது. 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. 2006இல் புளூரே வந்தது.

தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பல ஏழை வீடுகளுக்கு 14 அங்குல டிவியைக் கொண்டு சேர்த்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. டிவியும் தகடும் கைக்கு எட்டிய அந்த ஆண்டுகள் பிளேயர் வியாபாரத்துக்கு நல்ல காலம்.

பிறகு காற்று திசை மாறியது. 2018இல் அதே மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைத்துக் கடனை அடைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2019இல் சாம்சங் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூரே பிளேயர்கள் கொண்டுவரப் போவதில்லை என்று அறிவித்தது. அமெரிக்காவில் தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பி வளர்ந்த நெட்பிளிக்ஸ், 2023 செப்டம்பரோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. இது தேய்ந்துகொண்டே போகும் சரக்கு என்பதை வணிகர் மனத்தில் வைத்துக்கொண்டே கொள்முதல் செய்ய வேண்டும்.

2. மூன்று தகடுகளும் அவற்றின் வேறுபாடும்

மூன்றும் கையில் எடுத்தால் ஒரே அளவுதான். உள்ளே இருப்பது வேறு.

விசிடி: ஒரு தகட்டில் சுமார் 74 நிமிடம். அதனால்தான் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று தகடாக வருகிறது. படத்தின் நுணுக்கம் 352க்கு 288 புள்ளிகள். சிறிய டிவியில் பரவாயில்லை; பெரிய டிவியில் கலங்கித் தெரியும்.

டிவிடி: ஒற்றை அடுக்குத் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. முழுப் படமும் ஒரே தகட்டில் அடங்கும். நுணுக்கம் 720க்கு 576.

புளூரே: ஓர் அடுக்கு 25 ஜிபி, இரண்டு அடுக்கு 50 ஜிபி. நுணுக்கம் 1920க்கு 1080. பெரிய டிவி வைத்திருப்பவருக்கே இதன் அருமை தெரியும்.

மேல்வகைப் பிளேயர் கீழ்வகைத் தகட்டைப் படிக்கும். கீழ்வகைப் பிளேயர் மேல்வகைத் தகட்டைப் படிக்காது. டிவிடி பிளேயரில் புளூரே தகடு ஓடாது. பழைய விசிடி பிளேயரில் டிவிடி ஓடாது. புளூரே பிளேயரில் டிவிடி ஓடும். ஆனால் விசிடி எல்லாப் புளூரே பிளேயரிலும் ஓடும் என்று உறுதி சொல்லக் கூடாது. அந்த மாடலின் கையேட்டைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

3. பெட்டியை எடுக்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: "வீட்டில் என்ன டிவி?" பழைய குழாய் டிவி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் போதும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பிளேயர் அதற்கு ஆகாது. புதிய தட்டை டிவி சிலவற்றில் மூன்று வண்ணத் துளையே இருக்காது. எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். இன்னும் சிலவற்றில் மூன்று ஒயரும் ஒரே சிறிய துளையில் சேரும். அதற்குத் தனி இணைப்பு ஒயர் வேண்டும். இரண்டு வகை வெளியீடும் உள்ள பிளேயரே நம் பகுதிக்கு ஏற்றது. டிவியின் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வரச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் கேள்வி: "என்ன தகடு வைத்திருக்கிறீர்கள்?" வீட்டில் இருப்பவற்றில் இரண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கல்யாணத் தகடு பெரும்பாலும் ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்தது. கடையில் விற்ற படத் தகடு ஆலையில் அச்சானது. முதல் வகையைச் சில பிளேயர்கள் படிக்கத் திணறும்.

மூன்றாம் கேள்வி: "வெளிநாட்டுத் தகடு உண்டா?" நம் பகுதிப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். டிவிடி தகடுகளுக்கு மண்டல எண் உண்டு. இந்தியாவுக்கு 5, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, வளைகுடா நாடுகளுக்கு 2. எண் பொருந்தாவிட்டால் தகடு நல்லதாக இருந்தும் ஓடாது. எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்த தமிழ்ப் படத் தகடுகளும் பல உண்டு. அட்டையில் பூமி உருண்டைப் படத்துக்குள் உள்ள எண்ணைப் பார்த்தால் தெரியும். பால், என்டிஎஸ்சி என்னும் இரண்டு முறைகளையும் பிளேயர் ஏற்க வேண்டும்.

நான்காம் கேள்வி: "பென்டிரைவிலும் பார்ப்பீர்களா?" ஆம் என்றால் யுஎஸ்பி துளை உள்ளதைக் காட்டுங்கள். டிவியிலேயே யுஎஸ்பி இருந்தால், பிளேயரே தேவையா என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டருக்கு வரும் தனி டிவிடி டிரைவை டிவியின் யுஎஸ்பியில் செருகினால் படம் வருமா என்று கேட்பார்கள். பெரும்பாலான டிவிகளில் வராது.

4. யாருக்கு எது?

14 அங்குல, 21 அங்குலக் குழாய் டிவி வீட்டுக்குச் சாதாரண டிவிடி பிளேயர் போதும். அதற்கு மேல் செலவு வீண். 32 அங்குலத் தட்டை டிவி வீட்டுக்கு எச்டிஎம்ஐ உள்ள டிவிடி பிளேயர். 43 அங்குலத்துக்கு மேல் டிவி வைத்து, புளூரே தகடும் சேர்த்து வைத்திருப்பவருக்கு மட்டும் புளூரே பிளேயர். அதை நம் கடையில் இருப்பு வைக்கத் தேவையில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுக்கலாம்.

கல்யாண சிடி ஒன்றைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், அதைப் பென்டிரைவில் பதிந்து கொள்வதே குறைந்த செலவு. பிளேயர் விற்பனை ஒன்று போகும்; வாடிக்கையாளர் ஒருவர் நிலைப்பார்.

"5.1" என்றும் ஆயிரக்கணக்கான "பிஎம்பிஓ வாட்ஸ்" என்றும் அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி விலை ஏற்றிச் சொல்ல வேண்டாம். பிஎம்பிஓ என்பது கண நேர உச்சக் கணக்கு. ஸ்பீக்கரின் உண்மையான சக்தி ஆர்எம்எஸ் வாட்ஸில்தான் தெரியும். 5.1 துளை இருந்தாலும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வேறு வாங்கினால்தான் பயன்.

5. கல்லாவுக்கு முன்பே சோதனை

ஒவ்வொரு கடையிலும் ஒரு சோதனைக் கட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விசிடி, ஓர் அச்சு டிவிடி, ஸ்டுடியோவில் எழுதிய ஒரு டிவிடி, எம்பி3 பாட்டு சிடி ஒன்று, ஒரு பென்டிரைவ். ஐந்தையும் போட்டுக் காட்டிய பிறகே பில் போட வேண்டும்.

தகட்டின் தொடக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். விசிடியும் ஒற்றை அடுக்கு டிவிடியும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படிக்கப்படுகின்றன. லென்ஸ் பலவீனமானால் ஓரத்தில்தான், அதாவது படத்தின் கடைசிக் காட்சிகளில்தான் திக்கும். ஆகவே கடைசிப் பகுதிக்குத் தள்ளிப் பாருங்கள்.

பின்பக்கச் சீட்டில் மின்னழுத்த எல்லையைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால், மாலையில் மின்னழுத்தம் இறங்கும் கிராமங்களில் தாக்குப் பிடிக்கும். 220 வோல்ட் என்று மட்டும் இருப்பது அங்கே சரிப்படாது. கரிசல் காட்டுப் புழுதி லென்ஸின் பெரிய எதிரி. தட்டைத் திறந்தபடி விடக் கூடாது, துணி போட்டு மூட வேண்டும், ஓடும்போது மூடியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். பல மாடல்களில் ரிமோட் இல்லாமல் மெனுவைத் திறக்க முடியாது. மாற்று ரிமோட் கிடைக்கும் மாடலையே வாங்கி வையுங்கள்.

பெட்டியின் மேல் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்யும் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. 200 வாட் மற்றும் அதற்கு மேற்பட்ட உள்ளீட்டு ஆம்ப்ளிஃபயருடன் வரும் பிளேயர்களை இந்தியத் தர நிர்ணய அமைவனப் பதிவின்கீழ் கொண்டுவந்தது 2012ஆம் ஆண்டின் ஆணை. அத்தகைய பெட்டிகளில் பதிவெண்ணைப் பாருங்கள். பில்லில் பிளேயரின் வரிசை எண்ணை எழுதுங்கள். உத்தரவாதச் சண்டைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

6. கொள்முதல் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு பிளேயர் 2,500 ரூபாய் அடக்கத்தில் பத்துப் பெட்டி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 25,000 ரூபாய். ஒன்றரை வட்டி என்றால் மாதம் 375 ரூபாய். ஆறு மாதம் பெட்டிகள் அலமாரியிலேயே இருந்தால் வட்டி மட்டும் 2,250 ரூபாய். ஒரு பெட்டிக்கு 250 ரூபாய் லாபம் என்றால், ஒன்பது பெட்டியின் லாபம் வட்டிக்கே போய்விட்டது. பத்தாவது பெட்டியின் 250 ரூபாய்தான் மிச்சம். அதிலும் ஒன்று பழுதானால் நட்டம்.

பத்துக்கு ஒன்றாக விலை குறைத்துத் தருகிறேன் என்று மொத்த வியாபாரி சொல்லும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் மூவர் சேர்ந்து ஒரே பெட்டியாக எடுத்துப் பங்கிட்டுக்கொண்டால் விலையும் குறையும், முதலும் முடங்காது.

7. திருட்டுத் தகடு வேண்டவே வேண்டாம்

பிளேயர் வாங்க வருகிறவர், "கூட நாலு புதுப் படம் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்பார். தகட்டில் எழுதிக் கொடுத்தாலும், பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ ஏற்றிக் கொடுத்தாலும் குற்றம் ஒன்றே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு கத்தி தொங்குகிறது. 2004இல் செய்த திருத்தத்தால் திருட்டு வீடியோ குற்றவாளிகளும் குண்டர் சட்டத்தின்கீழ் வந்துவிட்டார்கள். நாற்பது ரூபாய் லாபத்துக்காக, தந்தை காலத்திலிருந்து நடக்கும் கடைக்குப் பூட்டுப் போடும் நிலையை வரவழைத்துக்கொள்ளலாமா?

அசல் படத் தகட்டு அட்டையில் தணிக்கைச் சான்றிதழின் நகலும், தயாரித்தவர், உரிமையாளர் பெயர்களும் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 52ஏ பிரிவு. பழைய தகட்டு இருப்பை மொத்தமாக எடுக்கும்போது இவற்றைப் பார்த்து எடுங்கள். வாடிக்கையாளரின் சொந்தக் கல்யாணத் தகட்டை அவருக்காகப் பென்டிரைவில் பதிந்து கொடுப்பது வேறு.

8. கல்யாணத் தகட்டைக் காப்பது

அச்சுத் தகட்டில் தகவல் குழிகளாகப் பதிந்திருக்கிறது. எழுதிய தகட்டில் அது சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலிலும் சூட்டிலும் சாயம் மங்கும். நம் ஊர்க் கோடையில் ஓட்டு வீட்டுப் பரணிலோ, தகரக் கொட்டகையிலோ வைத்த தகடு ஒரு நாள் ஓடாமல் போகும். அதில் மறைந்துபோன தாத்தாவின் முகம் இருக்கலாம். வேறு எங்கும் அதற்குப் பிரதி இல்லாமல் இருக்கலாம். ஆகவே பிளேயர் விற்கும்போதே, ஓடுகிற காலத்தில் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் விசிடியைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற உறையிலும், டிவிடியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற உறையிலும் படக் கோப்புகள் இருக்கும். அவற்றை அப்படியே நகல் எடுத்தால் சில டிவிகள் படிக்காது. எம்பி4 வடிவுக்கு மாற்றிக் கொடுப்பது நல்லது. தகட்டைத் துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

கடைப் பையன்களுக்குப் பயிற்சி வினாக்கள்

1. எச்டிஎம்ஐ மட்டும் உள்ள டிவி வைத்திருப்பவருக்கு எந்தப் பிளேயரைக் காட்டுவாய்?

2. சிங்கப்பூரிலிருந்து வந்த டிவிடி ஓடவில்லை என்று ஒருவர் திரும்பி வந்தால் முதலில் எதைப் பார்ப்பாய்?

3. தகட்டின் கடைசிப் பகுதியை ஓட்டிப் பார்ப்பது ஏன்?

4. பென்டிரைவில் புதுப் படம் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வாய்?

நான்குக்கும் சரியான விடை சொல்லும் பையனைத் தயங்காமல் கல்லாவில் நிறுத்தலாம். விடை தெரியாதவனை உட்கார வைத்து இந்தப் பாடத்தை இன்னொரு முறை படித்துக் காட்டுங்கள். வாங்க வருகிறவர் நம் ஊர்க்காரர். பெட்டி பழுதானால் அவர் தேடி வரப்போவதும் நம் கடையைத்தான்.