மடிக்கணினியின் உடைந்த திரையை மாற்றும் முறை

நவராத்திரியின் நிறைவில் நூல்களையும் தொழிற்கருவிகளையும் கலைமகள் திருமுன் வைத்து வழிபடுதல் நம்மவர் மரபாகும். தச்சன் உளியையும், கொல்லன் சுத்தியலையும், மாணவன் ஏட்டையும் வைத்த அவ்வரிசையில் இந்நாளிலே மடிக்கணினியும் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தச்சன் தன் உளியைத் தீட்ட அறிவான். கொல்லன் தன் சுத்தியலுக்குப் பிடி போட அறிவான். கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் சார்த்தும் மாணவனோ அதன் உள்ளே இருப்பது யாதென ஒரு முறையேனும் பார்த்தவனல்லன். இக்குறையைச் சிறிதளவாவது போக்குதல் கருதி, அக்கருவியின் பழுதுகளுள் பெரும்பான்மையாக நேர்வதும், வீட்டிலேயே திருத்தத் தக்கதுமாகிய ஒன்றை, அஃதாவது திரை உடைதலை, இவண் எடுத்துக்கொண்டோம்.

நிகழ்ந்தது

வேலணைத் தீவின் சாட்டியிலே உள்ள நம் இல்லத்தில் இப்பழுது நேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பயிலும் நம் பெறாமகள் நயினாதீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி வீடு சேர்ந்தாள். படகிலே பயணப்பைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவளுடைய பை அடியிலே அகப்பட்டது. வீட்டில் கணினியைத் திறந்தபோது திரையின் ஒரு மூலையிலிருந்து வெடிப்புக்கள் சிலந்திவலைபோற் பரந்திருந்தன. நடுவே மை கொட்டினாற்போன்ற கரும்படலம். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு 18 நாட்களே எஞ்சியிருந்தன. ஏழு மாத உழைப்பு முழுவதும் அப்பெட்டியினுள்ளே இருந்தது. புதிய கணினி வாங்கவோ வழியில்லை. 2022ஆம் ஆண்டு நம் நாட்டு ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது, அவ்வாண்டின் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் விற்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டமையும், இறக்குமதிப் பொருள்களின் விலை அதனோடு உயர்ந்தமையும் யாவரும் அறிந்தனவே. அதன்பின் ஒரு நடுத்தரக் குடும்பம் கணினி வாங்குதல் என்பது காணி வாங்குதல்போல் ஆலோசித்துச் செய்யும் செயலாயிற்று.

அவள் அழுதாள். நாம் அவளுக்கு முதலிற் சொன்னது ஒன்றே: உடைந்தது திரை, கணினியன்று. எழுதியவையெல்லாம் அதன் நினைவகத்திற் பழுதின்றி உள்ளன. அயல்வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை இரவல் பெற்று, எச்.டி.எம்.ஐ. கம்பியினாற் கணினியோடு இணைத்தோம். அவளுடைய ஆய்வேடு தொலைக்காட்சியிலே தோன்றிற்று. உடனே அதனை ஒரு பென் டிரைவிற் படியெடுத்து வைத்தோம். இது முதற்பாடமாகும்: திருத்த முயலுமுன் உள்ளதைக் காத்துக்கொள்க.

திரையின் இயல்பு

ஒரு பொருளைத் திருத்த விழைவோர் அதன் அமைப்பினை அறிதல் வேண்டும். இன்றைய மடிக்கணினிகளுட் பெரும்பாலானவற்றின் திரை திரவப் பளிங்கினால் ஆயது. 1888ஆம் ஆண்டில், பிராக் நகரிலிருந்த பிரடெரிக் ரைனிற்சர் என்னும் ஒஸ்திரியத் தாவரவியலறிஞர், கரட்டிலிருந்து பெற்ற கொலஸ்திரோலின் சேர்வையொன்றைச் சூடாக்கினார். அது 145.5 பாகை சதமவளவில் உருகிக் கலங்கிய திரவமாயிற்று, 178.5 பாகையில் அக்கலக்கம் நீங்கித் தெளிந்தது. இரண்டு உருகுநிலை கொண்ட பொருள் எங்ஙனம் இருத்தல் கூடும் என வியந்த அவர், செருமானியப் பௌதிக அறிஞர் ஒற்றோ லேமனுக்கு எழுதினார். திரவம்போல் ஓடுவதும் பளிங்குபோல் ஒழுங்குற்ற மூலக்கூறுகளை உடையதுமாகிய அந்நிலையே திரவப் பளிங்கு எனப் பெயர் பெற்றது. திருச்சிராப்பள்ளியில் சேர். சி. வி. இராமன் பிறந்ததும் அதே ஆண்டிலேயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவருடைய மருகரும் மாணவருமாகிய சி. சந்திரசேகர் என்பார், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1977ஆம் ஆண்டு தம் துணைவரோடு ஆராய்ந்து, தட்டு வடிவான மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும் என நிறுவினார். அத்தகைய தட்டு மூலக்கூறுகளைக் கொண்ட மென்படலம், பக்கவாட்டிலிருந்து நோக்குவோர்க்கும் படம் தெளிவாகத் தோன்றுமாறு பிற்காலத் திரைகளிற் பயன்பட்டது.

திரையின் பின்புறம் வெண்ணிற ஒளி பரப்பும் தட்டு ஒன்று உண்டு. அதன் முன்னே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளும், அவற்றினிடையே திரவப் பளிங்கும், இருபுறமும் முனைவாக்கித் தாள்களும் உள்ளன. மின்னழுத்தம் மாறுந்தோறும் மூலக்கூறுகள் திரும்புகின்றன. அதனால் ஒளி செல்லும் அளவு கூடியும் குறைந்தும் வருகின்றது. யன்னற் பலகைகளைத் திருப்பி வெயிலை அளவாக உள்ளே விடுவதை இதற்கு உவமை கூறலாம். 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையிலே 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுடையதாதலின், 62,20,800 யன்னல்கள் அதில் உள்ளன எனலாம். கண்ணாடி வெடித்தவுடன் அவற்றுக்குச் செல்லும் நுண்ணிய மின்வழிகள் அறுகின்றன, திரவமும் இடம்பெயர்கின்றது. ஆதலினாலே உடைந்த கண்ணாடியை ஒட்டிச் சீராக்க முடியாது. திரை முழுவதையுமே மாற்றுதல் வேண்டும்.

பழுதை அறிதல்

திரை தெரியவில்லை என்பதனாலேயே திரை பழுது எனத் துணிதல் தவறு. பின்வருவனவற்றை முறையே சோதித்தறிக.

1. வெடிப்பும் கரும்படலமும் கண்ணுக்குத் தெரியின், பழுது திரையினதே.

2. வேறொரு தொலைக்காட்சியிலோ கணினித் திரையிலோ இணைக்க, படம் ஆங்குச் செவ்வையாகத் தோன்றுமாயின், கணினியின் உள்ளுறுப்பு நலமுடையது. ஆங்கும் படம் சிதையுமாயின் குறை உட்பலகையில் உள்ளது. திரை வாங்குதல் வீண் செலவாகும்.

3. திரை இருண்டிருக்க, ரோச்சு விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கும்போது மங்கலாகப் படம் தெரியுமாயின், பின்னொளியோ அதற்கு மின் செல்லும் வழியோ பழுதடைந்ததாகும்.

4. மூடியை அசைக்குந்தோறும் படம் வந்து வந்து மறையுமாயின், பிணைச்சலினூடாகச் செல்லும் இணைப்புக் கம்பி தேய்ந்திருத்தல் கூடும். அக்கம்பியின் விலை திரையின் விலையினும் மிகக் குறைவு.

ஏற்ற திரையைத் தேர்தல்

நாம் பிழை செய்த இடம் இதுவே. கணினியின் பெயரையும் 15.6 அங்குலம் என்னும் அளவையும் மாத்திரம் சொல்லித் திரையை வருவித்தோம். பொதி வந்தது; பிரித்துப் பார்த்தோம்; பழைய திரையின் இணைப்பில் 30 முனைகள், வந்ததில் 40 முனைகள்! திருப்பியனுப்பி மாற்றுப் பெறுவதற்குள் ஆறு நாட்கள் கழிந்தன. ஒரே பெயருடைய கணினியிலே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு திரைகளைப் பொருத்துதல் உற்பத்தியாளர் வழக்கம் என்பதை அப்பொழுதே அறிந்தோம்.

ஆதலின் முதலிற் பழைய திரையைக் கழற்றுக. அதன் முதுகில் ஒட்டிய தாளிலுள்ள எழுத்துக்களையும் எண்களையும் ஒன்றும் விடாது எழுதிக்கொள்க, அல்லது படம்பிடித்துக்கொள்க. அவ்விலக்கத்தைக் கொண்டே வாங்குக. அதனோடு ஐந்து பொருத்தங்களும் பார்க்கத்தக்கன: அங்குல அளவு, படப்புள்ளிகளின் தொகை, இணைப்பு முனைகளின் எண்ணிக்கை, அவ்விணைப்பு அமைந்த இடம், திருகாணி பூட்டும் காதுகளின் அமைப்பு. இவற்றுள் ஒன்று தவறினும் திரை பொருந்தாது.

மாற்றும் முறை

வேண்டிய கருவிகள் சிலவே: சிறிய நட்சத்திரவாய்த் திருப்புளி, பயன்படாத பிளாஸ்ரிக் அட்டை ஒன்று, மெத்தென்ற துவாய், வெள்ளைத்தாள். கடற்கரை மணல் காற்றோடு வரும் ஊராதலின் யன்னல்களை மூடிக்கொண்டோம். மேசையைத் துடைத்து, கைகளைக் கழுவி உலர்த்தினோம்.

முதலாவதாக, கணினியை முற்றாக நிறுத்தி மின்னேற்றியைக் கழற்றுக. பற்றறி வெளியே எடுக்கத்தக்கதாயின் எடுத்துவிடுக. உள்ளே பொருத்தப்பட்டதாயின், அடித்தட்டைத் திறந்து பற்றறியின் இணைப்பை நீக்குக. பின்னர்த் தொடக்கப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி, எஞ்சிய மின்னையும் போக்குக. இதனைச் செய்யாது திரையின் இணைப்பைத் தொட்டால், பின்னொளிக்குச் செல்லும் மின் வழிதவறி உட்பலகையின் உருகியைச் சுட்டுவிடக் கூடும். பலர் நல்ல கணினியைக் கெடுத்துக்கொள்வது இவ்விடத்திலேயே.

இரண்டாவதாக, திரையைச் சூழ்ந்த சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றுக. அவை சிறிய இறப்பர் மூடிகளின் கீழ் மறைந்திருத்தல் உண்டு. கழற்றுந்தோறும் வெள்ளைத்தாளிற் கணினியின் வடிவை வரைந்து, எவ்விடத்துத் திருகாணியோ அவ்விடத்தில் ஒட்டி வைக்குக. நீளமான திருகாணியைக் குட்டையானதன் இடத்திற் பூட்டினால் அது மறுபக்கம் துளைக்கும். பின்னர் அட்டையைச் சட்டத்தின் இடுக்கிற் செலுத்தி மெல்லெனச் சுற்றிவருக. கொளுவிகள் விடுபடும் ஓசை கேட்கும், அஞ்சவேண்டா.

மூன்றாவதாக, திரையைத் தாங்கும் திருகாணிகளைக் கழற்றி, விசைப்பலகையின்மேல் துவாயை விரித்து, அதன்மீது திரையை முகங்குப்புறச் சாய்க்குக. சில புதிய கணினிகளில் திருகாணிக்கு மாறாக இழுபடும் ஒட்டுநாடா உண்டு. அதனை நுனியிற் பிடித்து மெதுவாக இழுத்தெடுக்குக. திரையின் பின்னே இணைப்புமுனை தெரியும். அதன்மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்து, உலோகப் பூட்டு இருப்பின் அதனை நிமிர்த்தி, திரையின் தளத்துக்குச் சமாந்தரமாக இணைப்பை வெளியே இழுக்குக. மேல்நோக்கி இழுத்தாலும், கம்பிகளைப் பற்றி இழுத்தாலும் முனைகள் முறியும்.

நான்காவதாக, புதிய திரையை அதேபோற் கிடத்தி, இணைப்பைக் கோணாது உட்செலுத்தி, பூட்டையும் ஒட்டுத்தாளையும் முன்போலாக்குக. இனிச் சட்டத்தைப் பூட்டுமுன் பற்றறியை இணைத்துக் கணினியை இயக்கிப் பார்க்குக. வெண்மை, கருமை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறங்களைத் திரைமுழுவதும் தோற்றுவித்து, இறந்த புள்ளிகள் உளவோ எனக் காண்க. இருண்டேயிருப்பின் கலங்காது மீண்டும் மின்னை முற்றாக நீக்கி, இணைப்பைத் திரும்பச் செருகுக. யாவும் செவ்வையாயின், திருகாணிகளை அளவாக இறுக்கிச் சட்டத்தைப் பொருத்துக.

நம் வீட்டில் இவ்வேலைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றது. திருப்புளியைப் பிடித்தவள் பெறாமகளே. நாம் விளக்குப் பிடித்தோம். இடையில் வந்த ஆறு நாட்களும் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து எழுதியமையால் அவள் ஆய்வேடு தடைப்படவில்லை. உரிய நாளிற் சமர்ப்பிக்கப்பட்டது.

செய்யத்தகாதன

எல்லாத் திரையும் வீட்டில் மாற்றத்தக்கன அல்ல. தொடுதிரையாகிக் கண்ணாடியோடு பசையினால் ஒட்டப்பட்டவற்றையும், மூடி முழுவதும் ஒரே உறுப்பாக அமைந்தவற்றையும் கைதேர்ந்தவரிடமே கொடுத்தல் நன்று. பற்றறி வீங்கியிருப்பின் அதனைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பற்றும். உத்தரவாதக் காலம் முடியாத கருவியைத் திறக்குமுன் அதன் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். உடைந்த கண்ணாடியிலிருந்து திரவம் கசியுமாயின் கைபடாது துடைத்து, பட்டவிடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

பழைய திரையை என் செய்வது? மணலிற் புதைத்துவிடலாம் என ஒருவர் எமக்கு யோசனை கூறினார். அது தீவகத்தார் செய்யத்தகாத செயல். நம் நிலத்தடியில் உள்ள நன்னீர் மழையினாற் பெற்றது. உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. சாட்டிக் கிணறுகளின் நன்னீரை நம்பியிருப்போர் பலர். மணலினூடாக இறங்குவது யாதாயினும் நீரிற் சேரும். ஒளிகாலும் இருவாயி வருவதற்கு முந்திய பழைய கணினித் திரைகளிலோ இரசம் அடங்கிய ஒளிக்குழாய் உண்டு. ஆதலின் உடைந்த திரையைத் தாளிற் சுற்றி வைத்து, பிரதேச சபையிடமோ திருத்தகத்தாரிடமோ வினவி, மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்துக்கு அனுப்புக.

முடிபு

பொருளைத் திருத்திப் பயன்படுத்துதல் வறியோர்க்கு மாத்திரம் உரியது என்று எண்ணற்க. பிரான்சு நாட்டிலே 2021ஆம் ஆண்டு முதல், மடிக்கணினி முதலியவற்றைத் திருத்துதல் எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டு விற்குமாறு சட்டம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் நுகர்வோரின் திருத்தும் உரிமை குறித்துச் சட்டம் இயற்றிற்று. வண்டிலையும் வள்ளத்தையும் தாமே செப்பனிட்டு வாழ்ந்த நம் முன்னோர்க்கு அவ்வுரிமையை எவரும் எழுதிக் கொடுத்திலர். அவர்கள் கைகளே அதனைப் பெற்றிருந்தன.

நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பாடசாலைகளிலும் வீடுகளிலும் உடைந்தன என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் மூலைகளிற் கிடக்கின்றன. மேலே கூறிய சோதனைகளை அவற்றில் முதலிற் செய்து பார்க்குக. சில, கம்பி ஒன்றை மாற்றினாலே உயிர்பெறும். திருந்தியதனை, கணினி இல்லாத ஒரு தீவக மாணவனுக்கு அளிக்குக. அடுத்த நவராத்திரியில் அக்கருவியோடு அதனைத் திறந்த திருப்புளியையும் கலைமகள் திருமுன் வைத்தல் பொருந்தும்.